“மாசம் எவ்வளவு வருது?” என்று கேட்டால்

கேள்வி:

ஈரோடு மாவட்டத்தில் ஒரு சிற்றூர். 14 மாதமாக ஒரு நேரடி விற்பனைக் கம்பெனியில் இருக்கிறேன். சோப்பு, ஷாம்பூ, சத்து மாவு, பாத்திரம் துலக்கும் லிக்விட் மாதிரியான பொருட்கள். போன மாதம் 6,840 ரூபாய் கமிஷன். இதுவரை வந்ததில் அதுதான் அதிகம். யாரிடம் பிளான் சொல்லிச் சேரக் கூப்பிட்டாலும் முதலில் கேட்பது, “உனக்கு மாசம் எவ்வளவு வருது?” என்பதுதான். அந்த இடத்தில் வாயடைத்துப் போகிறேன். கம்பெனியில் எனக்கு மேலே இருக்கும் அப்லைன் அண்ணா, “உங்க வருமானத்தைச் சொல்லாதீங்க. கேட்டா அது பர்சனல்னு சொல்லிட்டு என் செக்கைக் காட்டுங்க, இல்லைன்னா அஞ்சு இலக்கத்துல வருதுன்னு சொல்லுங்க” என்கிறார். என் நாத்தனார் சேரலாமா என்று யோசிக்கிறாள். அவளிடம் இப்படிப் பேச மனம் வரவில்லை. அடுத்த ஞாயிறு நடக்கும் கூட்டத்தில் மேடையேறி என் வருமானத்தைச் சொல்லவும் கூப்பிட்டிருக்கிறார்கள். 12 மாதக் கணக்கு எழுதிய நோட்டைப் படமெடுத்து இணைத்திருக்கிறேன். என்ன பதில் சொல்வது?

பதில்:

நோட்டை அனுப்பியது நல்லதாயிற்று. பெரும்பாலானவர்கள் கமிஷன் ஏறியதைச் சொல்லும் பே-அவுட் மெசேஜை மட்டும்தான் அனுப்புவார்கள். அதை வைத்து இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

கேட்பவர்கள் எதைக் கேட்கிறார்கள் என்று முதலில் பார்த்துவிடுவோம். உங்கள் நாத்தனாருக்கு உங்கள் வருமானத்தின் மேல் அக்கறை கொஞ்சம்தான். “நான் சேர்ந்தால் எனக்கு என்ன ஆகும்?” என்பதைத்தான் அவர் உங்கள் பெயரைப் போட்டுக் கேட்கிறார். அதனால் அப்லைனின் செக் அவருக்குப் பதிலே ஆகாது. உங்கள் 6,840-கூடப் பாதிப் பதில்தான். அவருடைய நிலைமைக்கு ரொம்பப் பக்கத்தில் இருப்பவர்கள் உங்களுக்குப் பின்னால் சேர்ந்தவர்கள். அவர்களைப் பற்றிய விவரமும் உங்கள் நோட்டில் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் உங்கள் கணக்கு.

6,840 என்பது மொத்தக் கமிஷன். 2 சதவீதம் டிடிஎஸ் (வருமான வரிக்காக முன்கூட்டியே பிடிப்பது) போக பேங்கில் ஏறியது 6,703. கமிஷனுக்கான இந்தப் பிடித்தம் 2024 அக்டோபர் முதல் 2 சதவீதம். அதற்கு முன் 5. ஆண்டுக் கமிஷன் 20,000 ரூபாயைத் தாண்டினால்தான் பிடிக்க வேண்டும் என்ற வரம்பு 2025 ஏப்ரலில் வந்தது, முன்பு 15,000. பான் எண் கொடுக்காதவர்களுக்கும், ஆதாருடன் இணைக்காததால் பான் செயலிழந்தவர்களுக்கும் 20 சதவீதம் போய்விடும். உங்களுக்குக் கீழே சேர்ந்த டவுன்லைனில் யாராவது “கம்பெனி காசைப் பிடிச்சுக்கிச்சு” என்று புலம்பினால் முதலில் பான் நிலையைப் பாருங்கள். டிடிஎஸ் செலவு அல்ல. உங்களுக்கு வேறு வருமானம் இல்லாததால் ரிட்டர்ன் தாக்கல் செய்தால் திரும்பிவிடும். ஒரு எச்சரிக்கை: விற்பனைத் தொகையில் ஒரு பங்கை லாபம் என்று வைத்துக்கொள்ளும் உத்தேச வரித் திட்டம் கமிஷன் வருமானத்துக்குப் பொருந்தாது. பிரவுசிங் சென்டரில் அந்தத் திட்டத்துக்கான ஐடிஆர்-4 படிவம் போட்டுத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இனி 12 மாதத்துக்கு உங்கள் நோட்டிலிருந்து எடுத்தது:

வந்தது
கமிஷன்: 52,300 (குறைந்த மாதம் 1,150, அதிகமான மாதம் 6,840)
வெளியே விற்றுக் கையில் வாங்கிய பணம்: 28,800
வீட்டுக்குக் கடையில் வாங்காமல் மிச்சமானது: 12,000
கூட்டினால் 93,100

போனது
மாதம் 4,200 வீதம் சொந்த ஐடியில் (உறுப்பினர் எண்ணில்) எடுத்த சரக்கு: 50,400
பெட்ரோல், பஸ்: 9,600
கோவையில் 2 பெரிய கூட்டங்கள், டிக்கெட்டும் சாப்பாடும்: 6,200
வீட்டுக் கூட்டங்களுக்கு டீ, பிஸ்கட், நாற்காலி வாடகை: 4,300
சாம்பிள், பிரிண்ட்: 2,700
போன் ரீசார்ஜில் தொழிலுக்கான பங்கு: 1,200
கூட்டினால் 74,400

மிச்சம் 18,700. மாதத்துக்கு 1,558 ரூபாய். வாரம் 9 மணி நேரம் என்று நீங்களே குறித்திருக்கிறீர்கள். ஆண்டுக்கு 468 மணி நேரம். அப்படியானால் ஒரு மணி நேரத்துக்கு 40 ரூபாய்.

இதில் இரண்டு இடங்களில் நீங்கள் எழுதியதை மாற்றியிருக்கிறேன். வீட்டில் பயன்படுத்திய சரக்கை அதன் டிபி விலையான (கம்பெனி உறுப்பினர்களுக்குத் தரும் விலை) 18,000 ரூபாய்க்கே “மிச்சம்” என்று போட்டிருந்தீர்கள். கம்பெனியில் சேராமல் இருந்திருந்தால் அதே வேலைக்கு அண்ணாச்சி கடையில் எவ்வளவு கொடுத்திருப்பீர்கள்? நீங்களே வேறொரு பக்கத்தில் மாதம் 1,000 என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 12,000தான் மிச்சம். மீதி 6,000 இந்தத் தொழிலில் இருப்பதற்காகக் கொடுத்த கூடுதல் விலை. “என்னமோ வீட்டுக்கு வாங்குறதைத்தானே வாங்குறோம்” என்ற பேச்சு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வழுக்குகிறது.

இரண்டாவது, பீரோவுக்குள் இருக்கும் சரக்கு. டிபி விலையில் 8,400 ரூபாய்க்கு விற்காமல் கிடக்கிறது. அதில் சத்து மாவு டப்பாக்களுக்கு இன்னும் 3 மாதம்தான் ஆயுள். இதை நீங்கள் சொத்தாகக் கணக்கிட்டிருந்தீர்கள். விற்றுப் பணம் கைக்கு வரும்வரை அது பூஜ்யம். விற்றால் அந்த மாதத்து வரவில் சேர்த்துக்கொள்ளுங்கள். கடனுக்குக் கொடுத்ததும் அப்படியே. பக்கத்து வீட்டு அக்கா தர வேண்டிய பணத்தை அவர் தந்த பிறகு எழுதுங்கள்.

இப்போது அப்லைன் சொல்லிக் கொடுத்த பதில்களைப் பார்ப்போம். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கு அவருடைய அப்லைன் சொல்லிக் கொடுத்திருப்பார்.

“அது என் பர்சனல்.” சோப்பு மட்டும் விற்கப் போனீர்கள் என்றால் இது நியாயமான பதில். மளிகைக் கடைக்காரரிடம் யாரும் லாபம் கேட்பதில்லை. ஆனால் வருமானம் வரும், சேருங்கள் என்று கூப்பிட்டுவிட்டு, வருமானத்தைக் கேட்டால் சொந்த விஷயம் என்பது நிற்காது. கேட்டவர் அந்த நொடியில் ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்: ஒன்றும் வரவில்லை போலிருக்கிறது. அதையும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். “யோசிச்சுச் சொல்றேன்” என்று எழுந்துவிடுவார். ஃபாலோ-அப் செய்து செய்து நீங்கள்தான் களைத்துப் போவீர்கள்.

“அஞ்சு இலக்கம்.” உங்கள் ஆண்டுக் கமிஷன் 52,300. அதுவும் ஐந்து இலக்கம்தான். கேட்பவர் மாதத்துக்கு என்று எடுத்துக்கொள்வார் என்று தெரிந்தே சொல்வதால் இது பொய். சொல்லில் பொய் இல்லை என்பது வாதத்துக்கு உதவும், நாத்தனாரிடம் உதவாது. 6 மாதம் கழித்து உங்கள் கணவரிடம் அவர் பேசும்போது அந்த வித்தியாசம் வெளியே வந்துவிடும்.

“இது என் அப்லைனோட செக்.” இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதுதான் அதிகம் நடக்கிறது. ஒரு செக்கின் படத்தைப் பார்த்தால் என்னென்ன தெரியாது? அது எந்த மாதம் வந்தது, அடுத்த மாதமும் வந்ததா என்று தெரியாது. ஒரு ஐடிக்கு வந்ததா, வீட்டில் உள்ள மூன்று பேர் ஐடிக்கும் சேர்த்து வந்ததா தெரியாது. தன் ரேங்க்கை, அதாவது கம்பெனி தரும் படிநிலையை, தக்கவைக்க மாதக் கடைசியில் அவர் கைக்காசைப் போட்டு எவ்வளவு வால்யூம் (சரக்கு வாங்கிய கணக்கு) எடுத்தார் என்று தெரியாது. ரேங்க் போய்விடக் கூடாது என்று மாதக் கணக்கை மூடும் கட்-ஆஃப் தேதிக்கு முந்தின இரவு பில் போடுகிற வழக்கம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். கார் வாடகை, ஹால் வாடகை, கீழே இருப்பவர்களுக்கு அவர் கொடுக்கும் கைமாற்று எதுவும் செக்கில் இல்லை. எல்லாவற்றுக்கும் மேல், அவருக்குக் கீழே எத்தனை பேர் மாதாமாதம் வாங்கியதால் அந்தத் தொகை வந்தது என்பதும் அதில் இல்லை.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. 2021 டிசம்பர் 28-ல் அறிவிக்கப்பட்ட நுகர்வோர் பாதுகாப்பு நேரடி விற்பனை விதிகளின்படி, நிறுவனம் ஒப்புதல் தராத எந்தப் பிரசுரத்தையும் நேரடி விற்பனையாளர் தான் அணுகும் எவரிடமும் கொடுக்கக் கூடாது. நிறுவனம் அனுமதித்த கூற்றுக்கு மாறாகவும் பேசக் கூடாது. அதற்கு முன் 2016 செப்டம்பரில் வந்த மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறைகள், சரிபார்க்க முடியாத தகவலையும் நிறைவேற்ற முடியாத வாக்குறுதியையும் சேர வருபவரிடம் சொல்லக் கூடாது என்றன. ஆள் சேர்த்ததற்காகவே பணம் தருவதும் அதில் தடை. வாட்ஸ்அப்பில் சுற்றும் செக் படம் இந்த இரண்டிலும் சிக்கும். மேடையில் சொன்னவரை விட்டுவிடுவார்கள்; ஃபார்வேர்டு செய்த உங்கள் நம்பர்தான் புகார்க்காரரின் போனில் இருக்கும்.

“நீங்க எவ்வளவு சம்பாதிக்க ஆசைப்படுறீங்க?” என்று திருப்பிக் கேட்கச் சொல்லும் பயிற்சியும் உண்டு. கேள்வியில் தப்பில்லை. ஆனால் பதில் சொன்ன பிறகு கேளுங்கள். முன்னால் கேட்டால் நழுவுவதாகத் தெரியும். அவர் “மாசம் பத்தாயிரம்” என்று சொன்னால், 14 மாதத்தில் உங்கள் மிச்சம் எங்கே நிற்கிறது என்று அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருப்பதால் பேச்சு தரையில் நடக்கும்.

சரி, இனி சொல்ல வேண்டிய பதில். நாத்தனார் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்:

“அண்ணி, நிஜமாச் சொல்லுங்க, மாசம் எவ்வளவு நிக்குது?”

“போன மாசம் கமிஷன் ஆறாயிரத்து எண்ணூத்திச் சொச்சம் வந்துச்சு. அதுதான் இதுவரைக்கும் அதிகம். ஒரு மாசம் ஆயிரத்து நூத்தைம்பதுதான் வந்துச்சு. சரக்கு, பெட்ரோல், கூட்டத்துச் செலவு எல்லாம் போக ஒரு வருசத்துக்குப் பார்த்தா மாசம் ஆயிரத்தைந்நூறு நிக்குது. வாரம் ஒம்போது மணி நேரம் இதுக்குப் போகுது. எனக்குக் கீழ பதினொரு பேர் இருக்காங்க. போன மாசம் அதுல மூணு பேருக்குத்தான் கமிஷனே வந்துச்சு, அதுலயும் அதிகமா வந்தவங்களுக்கு ரெண்டாயிரத்து நூறு. நோட்டு இருக்கு, பார்க்கறியா?”

அரை நிமிடத்துக்குள் சொல்லி முடித்துவிடலாம். அதிகபட்சம், குறைந்தபட்சம், செலவு போக மிச்சம், நேரம், கீழே இருப்பவர்கள்: ஐந்தும் இருக்க வேண்டும். எதை விட்டாலும் வசதியான பக்கம் சாய்ந்துவிடும். பதற்றத்தில் பலர் மறப்பது குறைந்த மாதத்தை. அதை விடாமல் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள்.

ஐந்தில் கடைசியாக உள்ளதுதான் கனமானது. உங்கள் நோட்டின் பின்பக்கம் 11 பேருடைய விவரம் இருக்கிறது. வால்யூம் கம்பெனியின் உறுப்பினர் பக்கமான பேக்-ஆஃபீஸில் பார்த்தது, கமிஷன் அவர்களையே கேட்டுக் குறித்தது. 3 பேருக்குக் கமிஷன் வருகிறது. அதில் அதிகம் 2,100. அவரும் மாதம் 4,200-க்குச் சரக்கு எடுக்கிறார். 6 பேர் மாதாமாதம் சரக்கு எடுக்கிறார்கள், கமிஷன் இல்லை. 2 பேர் நிறுத்திவிட்டார்கள். ஆக, போன மாதம் தன் சரக்குப் பணத்தைக் கமிஷனில் திரும்பப் பார்த்தவர் ஒருவர்கூட இல்லை. அவர்கள் அந்தச் சரக்கை வெளியே விற்றிருந்தால் பரவாயில்லை. வீட்டில் அடுக்கி வைத்திருந்தால் உங்கள் 6,840-ன் பெரும்பகுதி அவர்கள் பீரோவிலிருந்து வந்தது. நாத்தனார் சேர்ந்தால் முதல் ஆண்டில் இந்த 11 பேரில் யார் மாதிரி இருப்பார் என்பதுதான் அவருடைய உண்மையான கேள்வி. இந்த வரியைச் சொல்லாமல் உங்கள் வருமானத்தை எவ்வளவு நேர்மையாகச் சொன்னாலும் அவருக்குப் பதில் கிடைக்காது. பெயர் சொல்ல வேண்டாம், எண்ணிக்கை போதும். யாருடைய ஐடி, யாருக்கு எவ்வளவு என்பது அவரவர் சொந்தக் கணக்கு.

சராசரி சொல்லாதீர்கள். “எங்க டீமோட சராசரி வருமானம் மூவாயிரத்துக்கு மேல” என்று லீடர்கள் சொல்லும்போது கூட்டல் சரியாகவே இருக்கும். ஒரு பேச்சுக்கு 100 பேர் என்று வைப்போம். ஒருவருக்கு 2,00,000, ஒன்பது பேருக்கு ஆளுக்கு 8,000, மீதி 90 பேருக்கு ஆளுக்கு 600. சராசரி 3,260 வரும். ஆனால் 90 பேர் அதில் ஐந்தில் ஒரு பங்கைக்கூடப் பார்க்கவில்லை. அமெரிக்காவில் பல எம்எல்எம் (ஆள் சேர்த்து அடுக்கடுக்காக விற்கும்) நிறுவனங்கள் வருமான அறிக்கை வெளியிடுகின்றன. அந்நாட்டுக் கூட்டாட்சி வணிக ஆணையம் அப்படிப்பட்ட 70 அறிக்கைகளைப் படித்து 2024 செப்டம்பரில் முடிவைச் சொன்னது: பெரும்பாலான நிறுவனங்களில் பெரும்பாலானோருக்கு ஆண்டுக்கே 1,000 டாலரோ அதற்குக் கீழோதான் வந்திருக்கிறது. குறைந்தது 17 நிறுவனங்களில் பெரும்பாலானோருக்கு ஒன்றுமே வரவில்லை. அந்த அறிக்கைகளில் பெரும்பாலானவை செலவைக் கழிக்கவும் இல்லை, ஒன்றும் சம்பாதிக்காதவர்களைப் பல இடங்களில் கணக்கிலேயே சேர்க்கவும் இல்லை என்பதையும் ஆணையம் குறிப்பிட்டது.

அடுத்து வரும் கேள்வி, “அப்ப எனக்கு எவ்வளவு வரும்?” இங்கேதான் எல்லோருக்கும் பேனா எடுத்து வட்டம் போடக் கை அரிக்கும். நீங்க 5 பேர், அவங்க ஆளுக்கு 5 பேர். தயவுசெய்து போடாதீர்கள். ஆறாவது படியில் 15,625 பேர் வேண்டும்; அத்தனை பேரை எந்த ஊரில் தேடுவது? பதினோராவது படியில் மட்டும் 4.88 கோடி. பன்னிரண்டாவது படி 24 கோடியைத் தாண்டும். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மொத்த மக்கள்தொகையே 7.21 கோடி. வட்டம் போட்ட தாளை அவர் மடித்து வைத்துக்கொள்வார் என்பதையும் மறக்க வேண்டாம். உங்கள் கையெழுத்தில் எழுதிய வாக்குறுதி அது. அதற்குப் பதில் உறுதியாகத் தெரிந்த ஒன்றைச் சொல்லுங்கள்: “300 ரூபாய்க்கு எடுத்த ஷாம்பூவை 360-க்கு வித்தா 60 ரூபா. மாசம் எத்தனை விக்க முடியும்னு உனக்கே தெரியும். ஆள் சேர்த்து வர்றதை என்னால சொல்ல முடியாது.” சொந்தக்காரர்களுக்கு டிபி விலைக்கே கொடுத்தால் அந்த 60-ம் கிடையாது, உங்கள் நோட்டில் விற்பனை லாபம் ஆண்டுக்கு 4,800-ல் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

எல்லோருக்கும் ஒரே அளவு பதில் தேவையில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் பத்துப் பேர் முன்னால் கேட்டால், “செலவு போக ஆயிரத்தைந்நூறு நிக்குதுங்க, விவரம் வேணும்னா வீட்டுக்கு வாங்க” என்று முடித்துக்கொள்ளுங்கள். மிச்சத் தொகையைச் சொல்லத் தயங்க வேண்டாம். பொது இடத்தில் விவரிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. கேலிக்காகவே “செக்கைக் காட்டுங்க” என்பவர்களுக்கு இதே ஒரு வரி போதும். அவர்கள் எதிர்பார்ப்பது மழுப்பலை. சின்னத் தொகையைத் தயங்காமல் சொன்னால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். பொருள் மட்டும் வாங்குபவர் கேட்டால் லாபத்தைச் சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம்.

ஒருவரிடம் மட்டும் கண்டிப்பாக இருங்கள். “தோட்டை அடகு வச்சுட்டுச் சேரட்டுமா?” “குழுவுல லோன் வருது, போடட்டுமா?” என்று கேட்பவர். அவரிடம் எண்ணெல்லாம் பேச வேண்டாம். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். குழுக் கடனுக்குத் தவறாத தவணை உண்டு, உங்கள் கமிஷனோ 1,150-க்கும் 6,840-க்கும் நடுவே ஊசலாடுகிறது. இரண்டும் சேராது. சேர்வதற்கு நுழைவுக் கட்டணம் வாங்குவதே விதிப்படி கூடாது. பணம் கட்டினால்தான் ஐடி, ஆள் சேர்த்தால்தான் பணம் என்று ஒரு திட்டம் இருந்தால் அது 1978-ம் ஆண்டுப் பணச் சுழற்சித் திட்டத் தடைச் சட்டத்தில் போய் நிற்கும். அந்தச் சட்டத்தில் திட்டத்தை நடத்துபவர் மட்டுமல்ல, அதில் உறுப்பினராகச் சேர்பவரும் குற்றவாளி. தண்டனை 3 ஆண்டு வரை சிறை.

நோட்டைக் காட்டுவதில் சில நடைமுறைகள் உண்டு. பே-அவுட் வந்த 2 நாளுக்குள் அந்த மாதத்தை எழுதி முடித்துவிடுங்கள். தள்ளிப்போட்டால் பெட்ரோலும் டீயும் மறந்துபோய் மிச்சம் தானாகப் பெருத்துவிடும். ஒரு பக்கத்தில் 12 மாதமும் தெரிகிற மாதிரி கோடு போட்டு, மேலே தேதி எழுதுங்கள். பேங்க் கணக்கு எண், பான், மற்றவர் பெயர்கள் இருக்கும் பக்கத்தை மடித்துக்கொள்ளுங்கள். நேரில் காட்டுங்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். அனுப்பினால் வரவுப் பகுதியை மட்டும் வெட்டி யாராவது “பாருங்க, ஒரு குடும்பத் தலைவி 52,300!” என்று ஸ்டேட்டஸ் வைப்பார்கள். அப்புறம் அது நிறுவனம் ஒப்புதல் தராத பிரசுரம் ஆகிவிடும், உங்கள் கையெழுத்தோடு.

பதில் சொன்ன கையோடு ஒப்பந்தத்தில் உள்ள கூலிங்-ஆஃப் காலத்தையும் சொல்லிவிடுங்கள். கையெழுத்துப் போட்ட பிறகும், அந்தக் காலத்துக்குள் அபராதம் இல்லாமல் விலகிக்கொள்ளலாம். எத்தனை நாள் என்பதை உங்கள் கம்பெனி ஒப்பந்தத்தில் பார்த்து அந்த வரியின் கீழ் கோடு போட்டுக் காட்டுங்கள். சரக்கைத் திருப்பி எடுக்கும் நிபந்தனையும் அருகிலேயே இருக்கும். உங்கள் பீரோவில் உள்ள 8,400-க்கும் அதை இன்றே படித்துப் பாருங்கள். சீல் உடைக்காத டப்பாக்களுக்கு இன்னும் காலம் இருக்கலாம்.

இந்த மாதிரிச் சொன்னால் யார் சேருவார்கள் என்று அண்ணா கேட்பார். குறைவான பேர்தான் சேருவார்கள், உண்மை. சேர்பவர்கள் மூன்றாம் மாதம் உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்க மாட்டார்கள். நிறுத்திவிட்ட அந்த 2 பேரிடம், அவர்கள் சேரும்போது நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். அண்ணாவோடு சண்டை வேண்டாம். “கம்பெனி ஒப்புதல் கொடுத்த வருமானத் தாள் இருந்தா குடுங்கண்ணா, அதைக் காட்டுறேன். செக் போட்டோ மட்டும் வேண்டாம்” என்று சொல்லுங்கள். மறுக்க அவரிடம் காரணம் இருக்காது. அதற்கும் வற்புறுத்தினால் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதலாம். அவருடைய பெயரும் தொடர்பும் நிறுவன இணையதளத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

உங்கள் கணக்கில் எனக்குப் பட்ட ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கேட்கவில்லைதான். 4,200-க்கு எடுக்கும் சரக்கில் டிபி விலையில் மாதம் 2,000 ரூபாய் சரக்குதான் வெளியே போகிறது, அதுவும் 7 வீடுகளுக்கு. வாடிக்கை வீடுகள் 7 என்பது 14 ஆனால், பீரோவில் சரக்கு தேங்காது, வீட்டுக்குக் கூடுதல் விலை கொடுத்து எடுக்க வேண்டியதும் குறையும். கோவைக் கூட்டங்களுக்குப் போன 6,200 ரூபாய்க்கும் நேரத்துக்கும் அந்தக் கூடுதல் 7 வீடுகளைத் தேடியிருக்கலாம். அப்போது “எவ்வளவு வருது?” என்ற கேள்விக்கு விற்பனை லாபத்தை முதலில் சொல்ல முடியும். அது யாருடைய பீரோவிலிருந்தும் வந்ததல்ல.

ஞாயிற்றுக்கிழமை மேடை விஷயம். ஏறலாம். மைக்கைப் பிடித்து இதைச் சொல்லுங்கள்: “போன மாசம் கமிஷன் 6,840. ஒரு வருசக் கணக்குல செலவு போக மாசம் 1,558. எனக்குக் கீழ 11 பேர்ல 3 பேருக்குக் கமிஷன் வருது.” முன்கூட்டியே நடத்துபவர்களிடம் இந்த மூன்று வரியையும் எழுதிக் காட்டிவிடுங்கள். முதல் வரியோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னார்கள் என்றால், அன்றைக்கு ஊரில் ஒரு விசேஷம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்துகொள்ளுங்கள்.